பத்தொன்பதாம் நம்பர் கார்ட்

மேபீல்ட் வீதி,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
15.11.2000, புதன் பின்னேரம்

என் அன்பின் மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் கிருபையால் நானும் பிள்ளையும் இங்கே சுகம். நீங்களும் அந்த டோஹா வெயிலுக்குள் தலையில் துணி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். கீழ்வீட்டு புவாத் நானா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் யார் யார் பிரித்துப் படிப்பார்களோ, எனக்குப் பயம். போன ஞாயிறு ரெலிபோனில் உன் குரல் ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்டீர்கள். தடிமன் என்று சொன்னேன். தடிமனும் இல்லை, ஒன்றும் இல்லை. கொமினிகேஷன் கடையில் எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அங்கே நின்று கதைக்கிற விஷயம் இல்லை இது.

பிள்ளை இந்தத் தவணை கணக்கில் எழுபத்தெட்டு எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூட நத்தார் விழாவில் அவளுக்குச் சம்மனசு வேஷம். செட்டை கட்டுவதற்கு வலைத்துணி வாங்கி நானே தைத்தேன். ஒரு செட்டை பெரிது, மற்றது சின்னது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். உங்கள் குணம் அப்படியே உரித்து வைத்திருக்கிறது. குசினிக் கூரை ஒழுக்கும் நின்றுவிட்டது. ஓட்டுக்குக் கீழே நீங்கள் சொன்ன மாதிரியே தகரம் வைக்கச் சொன்னேன். இந்த மழைக்கு ஒரு சொட்டு விழவில்லை.

சரி. உங்களுக்கு என்னைத் தெரியும். ஏதாவது பிழை விட்டால்தான் நான் கூரையிலிருந்து கதையைத் தொடங்குவேன். பிழை விட்டுவிட்டேன். சின்னப் பிழை இல்லை. கடைசி வரைக்கும் கோபப்படாமல் படியுங்கள். படித்து முடித்த பிறகு வேண்டிய அளவு கோபப்படுங்கள்.

எங்கள் கந்தோர்க் கதவுக்குக் கார்ட் மெஷின் பூட்டப் போகிறார்கள் என்று ஜூலையில் எழுதியிருந்தேன் அல்லவா. கொள்ளுப்பிட்டியில் எங்கள் கட்டிடத்தில் குண்டுப் பயத்தில் மாடி மாடியாக இந்த மெஷினைப் பூட்டினார்கள். எங்கள் முதலாளி பலீல் சேரும் மூன்றாம் மாடிக்கு ஒன்று எடுத்தார். நீங்கள் துறைமுகத்தில் கிரேனுக்குக் கரண்ட் வேலை பார்த்தவர், உங்களுக்கு இது விளையாட்டுச் சாமான். எங்களுக்கு அது திருவிழா. பூட்ட வந்த இரண்டு பேரும் முதல் நாள் கார்ட்டை வாசிக்கிற அந்த றீடரைக் கதவு நிலையின் இரும்புச் சட்டத்திலேயே வைத்து முடுக்கிவிட்டார்கள். கார்ட்டை எத்தனை தரம் காட்டினாலும் சிவப்பு லைட் அசையவே இல்லை. முட்ட வைத்தாலும் சரி, தேய்த்தாலும் சரி, ம்ஹூம். ஒருத்தர் மெஷின் பழுது என்றார், மற்றவர் கார்ட் பழுது என்றார். நான் உங்களோடு குடித்தனம் நடத்தியவள்தானே, இரும்புக்கு மேலே வைத்தால் இது வேலை செய்யுமா என்று சும்மா கேட்டு வைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நாள் ஒரு பலகைத் துண்டைச் சட்டத்தில் அறைந்து, அதற்கு மேல் றீடரைப் பூட்டினார்கள். மூன்று விரல் தூரத்தில் காட்டும்போதே பீப் என்று பச்சை விழுந்தது. கந்தோர் முழுக்கக் கைதட்டினோம்.

கதவுக்கு மேலே ஒரு காந்தம் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அது கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கார்ட் காட்டினால் ஐந்து செக்கன் விடும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பட்டறி, உள்ளேயிருந்து வெளியே வர ஒரு பட்டன். எங்கள் பெண்டுகள் கார்ட்டை ஹேன்ட்பேக்கிலிருந்து எடுப்பதே இல்லை. பேக்கோடு தூக்கி றீடரில் ஒரு இடி. அதற்கும் அது திறக்கும், பாவம்.

இந்த மெஷினுக்கு ஒரு கொம்பியூட்டர், அந்தக் கொம்பியூட்டருக்கு நான் என்று பலீல் சேர் தீர்மானித்தார். கார்ட்டின் இலக்கத்தை அடித்து, பக்கத்தில் ஆளின் பெயரை அடித்தால்தான் கதவு அந்தக் கார்ட்டை அறியும். பெயரை வெறுமையாக விட்டால் ஏற்காது. பிறகு யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று நாள் முழுக்க அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். கார்ட்டில் பெயர் இல்லை, படம் இல்லை. வெறும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கும் மூலையில் ஒரு இலக்கமும்தான். பலீல் சேருக்குத் தினமும் எட்டரைக்குப் பிறகு வந்தவர்களின் பட்டியல் மட்டும் வேண்டும். எட்டரைக்கு முன்னால் வந்தது பேயா பிசாசா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மொத்தம் இருபது கார்ட் வந்தது. நாங்கள் பதினெட்டுப் பேர். தேத்தண்ணி போடுகிற காளியப்பனுக்குக் கார்ட் கிடையாது என்று பலீல் சேர் சொல்லிவிட்டார். நாட்கூலிக்காரருக்குக் கொடுக்க வேண்டாம் என்று கட்டிடக்காரர் உத்தரவாம். காளியப்பனை நீங்கள் பார்த்ததில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், மனைவி வெள்ளையம்மாவோடு வத்தளையில் இருக்கிறார். காலை ஏழு மணிக்கே வந்து கூட்டித் துடைத்து, நாங்கள் வரும்போது தண்ணீர் கொதிக்க வைத்திருப்பார். ஒன்பது வருஷம் அந்தக் கந்தோர்க் கதவுத் திறப்பு அவர் மடியில்தான் இருந்தது. கார்ட் வந்தவுடன் திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள். மனுஷன் எட்டேகால் வரைக்கும் மூன்றாம் மாடிப் படியில் குந்திக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கொள்ளுப்பிட்டியில், பூட்டின கதவுக்கு முன்னால், கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு தமிழ் ஆள் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தால் சும்மா விடுவார்களா? ரோந்து வந்த பொலிஸ் இரண்டு தரம் விசாரித்தது. இரண்டாம் தரம் கீழே கூட்டிப் போய்ச் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்க வைத்தார்களாம். அவர் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கே பத்தொன்பதாம் நம்பர் கார்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்திக்கொண்டார்.

கொம்பியூட்டரில் என்ன பெயர் போடுவது? காளியப்பன் என்று அடித்துச் சேர் கண்டுவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. என் பெயரையே இன்னொரு தரம் அடித்துப் பார்த்தேன், இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பிவிட்டது. ஏதாவது ஒரு பெயர்தானே? சூசை என்று அடித்திருக்கலாம். பெரேரா என்று அடித்திருக்கலாம். என் விரல் உங்கள் பெயரைத்தான் அடித்தது. பேர்னாட் சவுந்தரநாயகம். ஒரு எழுத்தும் குறைக்காமல் முழுப் பெயர்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த நாள் காலையில் கொம்பியூட்டரைத் திறந்தால் முதல் வரியில் நீங்கள். பேர்னாட் சவுந்தரநாயகம், ஏழு மணி ஆறு நிமிஷம், கதவு ஒன்று, அனுமதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். பிறகு ஹேன்ட்பேக்கை வைக்க முன்னம் அதைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் ஏழு முப்பத்தொன்று என்று இருந்தது. இவர் ஏன் இன்றைக்குப் பிந்தினார் என்று எனக்குக் கோபம் வந்தது, கேளுங்களேன்! காளியப்பன் தேத்தண்ணி கொண்டு வரும்போது ஏன் சுணக்கம் என்று அதட்டினேன். பேலியகொடையில் பஸ் டயர் வெடித்துவிட்டது என்றார் அந்த மனுஷன். மூன்று வருஷம் உங்கள் காலடிச் சத்தம் கேட்காமல் இருந்தவள், அந்த ஒரு வரியில் பைத்தியமாகிவிட்டேன். அறுபது நாளுக்கு மேல் இப்படி நீங்கள் வந்து போனீர்கள்.

ஒக்டோபர் இருபத்துநான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, முதல் வரியில் நீங்கள் வரவில்லை. தண்ணீரும் கொதிக்கவில்லை.

களனிப் பாலத்துச் செக்கிங்கில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். காளியப்பனின் அடையாள அட்டை பழசு, மடிப்பில் கிழிந்தது. அதற்காகச் சட்டைப் பையைப் பார்த்தார்கள், வெள்ளைக் கார்ட் அகப்பட்டது. இது என்ன கார்ட், எந்தக் கதவு என்று கேட்டிருக்கிறார்கள். வீதியில் கண்டெடுத்தேன் என்று சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னது பலீல் சேரை நினைத்து. அவர் அதைப் பொலிசுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஐயோ, அந்த நல்ல மனுஷனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது. எங்கே வேலை என்று கேட்டதற்கு எங்கள் கந்தோரின் விலாசத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். ஆளை அப்படியே கொண்டு போய் அடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கார்ட்டைக் கொண்டு வந்து எங்கள் றீடரில் காட்டினார்கள். பச்சை விழுந்து கதவு திறந்தது. பலீல் சேரின் முகத்தில் இரத்தம் இல்லை. இந்த ஆளுக்கு நாங்கள் கார்ட் கொடுக்கவே இல்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டார். அவர் சொன்னது உண்மைதானே. கொம்பியூட்டரைத் திற என்றார்கள். என் கையாலேயே திறந்து காட்டினேன். சார்ஜன்ட் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். தினமும் எல்லோருக்கும் முன்னால் தனியே வந்து போகிற இந்த பேர்னாட் யார் என்று சிங்களத்தில் கேட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார் பலீல் சேர். அவருக்கு நீங்கள் வெறும் 'உங்கட மிஸ்டர்' தானே. கந்தோர்ப் பைலில் நான் இன்னும் கலியாணத்துக்கு முந்தின பெயரோடு, என்னுடைய அப்பாவின் பெயரோடுதான் இருக்கிறேன். சார்ஜன்ட் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

தெரியாது என்று சொன்னேன். மெஷின் பூட்ட வந்தவர்கள் யாரோ அடித்திருப்பார்கள் என்றும் சொன்னேன். உங்களைத் தெரியாது என்று சொன்னேன், அப்பா. பிள்ளை மட்டும்தான் கண்ணுக்குள் நின்றாள். என்னைக் கொண்டு போனால் அவளை யார் பார்ப்பது? அப்படித்தான் அந்த நேரம் நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவர்கள் அறுபது நாள் பட்டியலையும் அச்செடுத்துக் கொண்டு போனார்கள். காளியப்பனுக்குப் பின்னால் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் பேர்னாட் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். உங்களைத் தேடுகிறார்கள்.

பதினெட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கந்தோருக்குப் போனேன், வந்தேன், பிள்ளைக்குச் செட்டை தைத்தேன். போன திங்கட்கிழமை மத்தியானம் வெள்ளையம்மா கந்தோர்ப் படியில் வந்து நின்றாள். வேறு யாரும் என்றால் ஒப்பாரி வைத்திருப்பார்கள், அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் புருஷனைப் பார்க்க விட்டார்கள், கால் வீங்கியிருக்கிறது, மிஸ்ஸுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது, அவங்க பேரை எடுக்காதே என்று தன்னிடமும் சத்தியம் வாங்கினார் என்றாள். அவரு நல்லவரு, நான் அவ்வளவு நல்லவ இல்லீங்க, வியாழக்கிழமை கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்துறாங்க, அன்னைக்கு நீங்க சொல்லாட்டி நான் சொல்லிப்புடுவேன், ஆனா நீங்களே சொல்றதுதான் உங்களுக்கு மரியாதை என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் போய்ச் சட்டத்தரணி சிவக்கொழுந்து ஐயாவைப் பிடித்தேன். வயதான மனிதர், காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. புருஷன்ர பேரோட விளையாட இது என்ன சீட்டு விளையாடுற கடதாசிக் கூட்டமா பிள்ளை என்று நன்றாக ஏசினார். ஏச்சுக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னார். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு உங்கள் பெயர். அவரைப் பொலிஸ் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்டதாம். நான் ஆசைக்கு அடித்த பெயருக்கு, யாரென்றே தெரியாத ஒரு வயதான மனிதர் மூன்று நாள் கிடந்திருக்கிறார்.

நாளைக்குக் கோர்ட்டில் எழுந்து சொல்லப் போகிறேன். கலியாணச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட் பிரதி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளை ரியூஷன் முடிந்து வருகிற நேரம். அவள் கண்ணில் இந்தத் தாள் பட வேண்டாம்.

16.11.2000, வியாழன் பின்னேரம்

போய் வந்துவிட்டேன். வீட்டில்தான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

கோர்ட்டில் காற்று இல்லை, சனம் நெருக்கியடித்தது. காளியப்பனைக் கொண்டு வந்தார்கள். தாடியோடு எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் என்னைக் கண்டவுடன் தலையை ஆட்டினார், சொல்ல வேண்டாம் என்று. அந்த ஆட்டலைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது. சிவக்கொழுந்து ஐயா எழுந்து, கார்ட்டைக் கொடுத்தவர் இங்கே வந்திருக்கிறார் என்றார். என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள்.

கார்ட்டைக் கொடுத்தது நான்தான் என்றேன். முதலாளிக்குத் தெரியாமல் கொடுத்தேன், ஏழு மணிக்கு வருகிறவர் காளியப்பன்தான், தண்ணீர் கொதிக்க வைக்க வருகிறவர் என்றேன். பேர்னாட் யார் என்று நீதவான் கேட்டார். என் கணவர் என்றேன். பலீல் சேர் பின்வரிசை வாங்கிலில் இருந்தவர் எழும்பி நின்றுவிட்டார். எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள், டோஹாவில் என்று பாஸ்போர்ட் பிரதியை நீட்டினேன். இதுவரைக்கும் எல்லாம் சிங்களத்தில்தான் சொன்னேன், தடுமாறவும் இல்லை.

பிறகு நீதவான் கேட்டார், நாட்டிலேயே இல்லாத கணவனின் பெயரை எதற்குப் போட்டீர்கள் என்று. பதினாலு வருஷம் கந்தோரில் சிங்களம் கதைத்தவள், அந்த ஒரு கேள்விக்கு எனக்குச் சிங்களம் வரவில்லை. தமிழில் சொன்னேன். காலையில் அந்தப் பெயரைப் பார்த்தால் அவர் வேலைக்கு வந்துவிட்டார் போல இருக்கும், அதற்காகப் போட்டேன் என்றேன். மொழிபெயர்ப்பவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். அந்தச் சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் அவனை முறைத்த முறைப்பில் சிரிப்பை நிற்பாட்டினான். எத்தனை வருஷமாக இல்லை என்று நீதவான் கேட்டார். மூன்று வருஷமும் இரண்டு மாதமும் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

காளியப்பனைப் பிணையில் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஒன்று நான். மற்றது யார் என்று முழித்துக்கொண்டு நிற்க, பலீல் சேர் வந்து கையெழுத்தை வைத்தார். வெளியில் வந்த பிறகு, மிஸ், நாளைக்கு வர வேணாம், திங்கட்கிழமை வாங்க, கொம்பியூட்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க என்றார். உங்களுக்கு விளங்குகிறதுதானே. அவரையும் குறை சொல்ல மாட்டேன். பொலிஸ் என்னிடம் இரண்டு மணித்தியாலம் வாக்குமூலம் எடுத்தது. முதலில் பொய் சொன்னதற்கு என்மேலும் வழக்குப் போடலாமாம், போட்டால் பார்த்துக்கொள்வோம் என்கிறார் சிவக்கொழுந்து ஐயா.

கோர்ட்டுக்கு முன்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் வெள்ளையம்மா தன் புருஷனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் மிஸ் சொன்னீங்க, இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களே விட்டிருப்பாங்க என்று சொல்கிறார் அந்த மனுஷன், வாய் நிறையச் சோற்றோடு. வெள்ளையம்மா அவரைச் சாப்பிடச் சொல்லி அதட்டிவிட்டு, எனக்கு ஒரு பிளேன்ரீ சொன்னாள்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. இரண்டு நாளாக இதைச் சொல்லப் பயந்துதான் இவ்வளவு தாள் எழுதியிருக்கிறேன்.

வழக்கு பெப்ரவரி எட்டாம் திகதிதான் திரும்பவும் எடுக்கிறார்கள். நீங்கள் இந்த நாட்டில் இருக்கவில்லை என்று இமிகிறேஷனில் விசாரித்து எழுதும்வரை உங்கள் பெயர் அந்தப் பைலில் இருக்கும். விமான நிலையத்துக்கும் பெயர் போயிருக்கிறது. நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்கினால் அப்படியே விசாரணைக்குக் கொண்டு போவார்கள், அது ஒரு மணித்தியாலமாகவும் இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம் என்று சிவக்கொழுந்து ஐயா சொன்னார். இந்த மூன்று வருஷமும் நீங்கள் அங்கேயே வேலை செய்தீர்கள் என்று உங்கள் கொம்பனியில் ஒரு கடிதம் வாங்கி, அவருக்கு பக்ஸ் பண்ணுங்கள். நம்பரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் இருபதாம் திகதி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன இரண்டு நத்தாருக்கும் நீங்கள் வரவில்லை என்று ரெலிபோனில் உங்களை நான் என்னவெல்லாம் பேசினேன். அங்கே யாராவது இருக்கிறாளா என்றுகூடக் கேட்டேன். இந்தத் தரம் நீங்கள் வர நிற்கிறீர்கள், நான் வராதீர்கள் என்கிறேன். வாருங்கள், வருவது வரட்டும் என்றுதான் மனது சொல்லுகிறது. மனது சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவு வில்லங்கமும். வராதீர்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்.

பிள்ளைக்கு உண்மை சொல்லவில்லை. என் அப்பாவைப் பொலிஸ் தேடுது என்று பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்னாவது? அப்பாவுக்கு லீவு கொடுக்கவில்லையாம் என்று இப்போதுதான் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவுக்கு வர விருப்பமில்லை, அதுதான் ஒவ்வொரு தரமும் இப்படிச் சொல்லுகிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கடிதத்தை ஒட்டிக் கொண்டு வந்து, இதையும் புவாத் மாமாவிடம் கொடுங்கோ என்று மேசையில் போட்டாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். அதற்குள் நல்ல வார்த்தை ஒன்றும் இருக்காது.

அதை நீங்கள் படித்துவிட்டு, என்மேல் பிழை இல்லை மகளே, அம்மாதான் வர வேண்டாம் என்றாள் என்று அவளுக்கு எழுதிவிடாதீர்கள். லீவு கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். அவளுடைய கோபத்தை எனக்காக நீங்கள் கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

தேவமாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். என்னோடு கோபம் என்றால் கோபத்தையாவது எழுதி அனுப்புங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
மரியகொறற்றி